வெட்டாத பதிவு

க்ளூஜ்
16 மே 2019

அன்பு அண்ணா,

நிஸ்தோர் சனிக்கிழமைச் சந்தைக்குப் பாலாடைக்கட்டி இறக்க வந்தபோது உன் மூட்டையைக் கொடுத்தார். இந்த முறை உப்பு அதிகம். எங்கள் மேலாளர் கோர்னேலியா அம்மாவுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். மரியாதைக்காக முழுதும் தின்றுவிட்டு, மத்தியானம் வரை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். லுக்ரேசியா அண்ணி இத்தாலியில் வேலை செய்யும் வீட்டிலிருந்து மகளுக்குப் போன் செய்தார்களாம், ஸ்மாரா சொன்னாள். ஞாயிறுதோறும் அவளுடைய பள்ளிக்குப் போய்ப் பார்த்து வருகிறேன். பார்வை இல்லாத பிள்ளைகளில் அவள்தான் மாடிப்படியில் ஓடுகிறவள் என்று வார்டன் புகார் சொன்னார்.

"படம் பார்க்கிறதுக்குச் சம்பளமா?" என்று நிஸ்தோரிடம் கேட்டு அனுப்பியிருந்தாய். பதில் சொல்கிறேன். காட்டில் மரத்துக்கு மரம் கேமராவும் ஒலிப்பெட்டியும் கட்டியிருக்கிறார்கள் அல்லவா? அவை பிடிப்பதெல்லாம் எங்கள் காப்பகத்துக்கு வருகிறது. ஒரே கரடியின் பதிவை நாங்கள் பல பேருக்குப் பலவிதமாக வெட்டித் தருகிறோம். மழலையர் பள்ளிக்கு என்றால் அது பழம் தின்னும், முதுகு சொறியும், பின்னால் இசை வரும். மூரா என்று பெயர்கூட வைத்திருக்கிறோம். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு என்றால் மான்குட்டியைப் பிடிக்கும், ஆனால் குடல் தெரியாது. வனக்காவலர் பயிற்சிக்கு என்றால் ரத்தம், குடல் எதையும் மறைப்பதில்லை. நீ ஓர் ஆட்டை அறுத்து ஈரலை ஒரு வீட்டுக்கும் தொடையை ஒரு வீட்டுக்கும் அனுப்புவாயே, அப்படித்தான்.

எது வெளியே போனாலும் அதற்கு முன் இடத்தின் பெயரை நீக்க வேண்டும். திருட்டு வேட்டைக்காரர்கள் மோப்பம் பிடித்து வந்துவிடுவார்கள். அந்த வேலை என்னுடையது.

ஒரு செய்தி. கூட்டத்தில் நான் வாய் திறந்தேன்! நம் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் என்று ஊரெல்லாம் சொல்கிறாய்; இங்கே எல்லாருடைய அப்பாவும் பட்டம் வாங்கியவர். அதனால் இத்தனை மாதம் பேசாமல் இருந்தேன். ஸ்மாராவின் பள்ளிக்கு ஒலி மட்டும் உள்ள பதிப்பு ஒன்று செய்யலாமா என்று கேட்டேன். செய்யச் சொல்லிவிட்டார்கள்.

சில பதிவுகளைப் பார்த்தபின் சாப்பாடு இறங்குவதில்லை. அவற்றைப் பற்றி எழுதப் போவதில்லை.

உன் தங்கை,
ரஃபிலா

*

மேல்கிடை
27 ஜூன்

ரஃபிலாவுக்கு,

கோடைத் திருநாள் சன்சியேனே முடிந்தது. வழக்கம்போல அதோடு குயில் வாயை மூடிக்கொண்டது. ஆடுகளை மேல்புல்லுக்கு ஏற்றிவிட்டோம். ஸ்மாரா விடுமுறைக்கு வந்து சேர்ந்தாள். நாய்கள் அவளை விட்டு நகர்வதில்லை.

சேதி அதுவல்ல. நேற்று ஒரு வனக்காவலன் வந்தான். புதுச் சட்டை, மீசை இன்னும் முளைக்கவில்லை. வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளே வாடா என்றேன். வேலியில் மாட்டியிருக்கும் குதிரை மண்டையோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க பாவெல் பெரியவரோட மகனாண்ணே?"

"ஆமா. ஏன்?"

"உங்க அப்பாவை வகுப்புல பார்த்திருக்கேன்."

"எங்கப்பா எந்த வகுப்புக்குடா வந்தாரு? அவரு பள்ளிக்கூடத்து வாசலையே மிதிச்சதில்ல."

"இல்லண்ணே… படத்துல. கரடி அடிக்கிறது. முகத்தை மறைச்சுத்தான் போட்டாங்க. ஆனா வேலியில இந்தக் குதிரை மண்டை தெரிஞ்சுது."

அவனுக்குச் சோளக்களியும் மோரும் கொடுத்தேன். தின்றான். வகுப்பில் அந்தப் படத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினார்களாம். கடைசி பெஞ்சில் ஒருவன் சிரித்தானாம்.

ரஃபிலா, அன்றைக்கு நீ கல்லூரியில் இருந்தாய். நான் சத்தம் கேட்டு ஓடி வந்தபோது அப்பாவின் தலைத்தோல் புருவம்வரை கழன்று தொங்கிக்கொண்டிருந்தது. கையால் தூக்கித் தலையில் வைத்து என் சட்டையால் கட்டினேன். ஒரு பக்கத் தாடை இல்லை. அவர் ஏதோ சொல்ல வந்தார். ரத்தம்தான் குமிழ் குமிழாக வந்தது. வண்டி வரும்வரை அந்தத் தலையை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி வந்தபோது பிடிக்க ஒன்றும் மிச்சமில்லை.

அதைச் சில பயல்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அதே கரடிக்கு நீங்கள் பெயர் வைத்து இசை போட்டுச் சின்னப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறீர்கள். இடது காது கிழிந்த பெட்டை, இரண்டு படத்திலும் அதுதான் என்று அந்தக் காவலனே சொன்னான். மூராவாம்!

இரண்டு கேள்வி. இந்தப் படம் அங்கே இருப்பது உனக்கு முன்பே தெரியுமா? அந்தக் கரடி இப்போது எந்தப் பள்ளத்தாக்கில் திரிகிறது?

கிளிகோர்

*

க்ளூஜ்
4 ஜூலை

அண்ணா,

தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பார்த்தேன். கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்து மறுபடி பார்த்தேன். உன்னிடம் சொல்லத் துணிவு வரவில்லை.

ஆனால் வகுப்பில் காட்டுவது முழுப்பதிவு அல்ல. அதன்மேல் ஒரு குரல் வரும்: "இங்கே மனிதர் கரடியை நோக்கி ஓடியது தவறு." மூலப்பதிவில் அதற்கு முந்தைய பகுதி இருக்கிறது. கரடி பால் கறக்கும் கொட்டகையைப் பார்த்துத் திரும்புகிறது. அங்கேதான் நீ முதுகு காட்டிக் குனிந்து கறந்துகொண்டிருந்தாய். அப்பா தொப்பியைக் கழற்றி அதன் முகத்தில் எறிந்துவிட்டுக் குறுக்கே பாய்கிறார். பாடத்துக்கு நீளம் அதிகம் என்று யாரோ அந்தப் பகுதியை வெட்டிவிட்டார்கள். வெட்டியபின் அப்பா ஒரு முட்டாளாகத் தெரிகிறார்.

உன் கடிதம் வந்த அன்றே கோர்னேலியா அம்மாவின் அறைக்குப் போனேன். "அந்த ஆளு எங்கப்பா" என்றேன். அவருக்குத் தெரியாது. எழுந்து வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டார். இனி அந்தப் பாடம் எந்த வகுப்புக்கும் போகாது.

இரண்டாவது கேள்வி. அவள் எங்கே திரிகிறாள் என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். கரடிக்காக மட்டும் அல்ல. அப்பா எந்த உயிருக்காகப் பாய்ந்தாரோ, அந்த உயிரை நீ கோடரியோடு கொண்டுபோய் அவள் வாயில் வைப்பதற்கு நான் வழி காட்ட மாட்டேன்.

இந்தக் கடிதத்தோடு ஸ்மாராவுக்கு ஒரு சின்னப் பெட்டி அனுப்பியிருக்கிறேன். மூராவின் ஒலிப்பதிப்பு அதில் இருக்கிறது. பொத்தானை அமுக்கினால் ஓடும். அவள்தான் முதல் ஆள், பள்ளிக்குக்கூட இன்னும் போகவில்லை. கோபம் இருந்தாலும் அவளோடு உட்கார்ந்து ஒருமுறை கேள்.

ரஃபிலா

*

மேல்கிடை
20 ஜூலை

தங்கச்சிக்கு,

கேட்டேன். ஒருமுறை அல்ல, இந்த மலையில் இருக்கும் ஆடு நாயெல்லாம் மனப்பாடம் செய்யும்வரை கேட்டுவிட்டோம். முதல்முறை ஓடவிட்டபோது நம் நாய் கொர்பு பெட்டியைக் கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஸ்மாரா பெட்டியைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு எனக்குப் பாடம் நடத்துகிறாள்.

"இங்க பாருப்பா, மூச்சு விடுது. மூக்கு அடைச்சிருக்கு. மூராவுக்குச் சளி."

"கரடிக்குச் சளியா? கஷாயம் வச்சுக் குடுப்போமா?"

"கிண்டல் பண்ணாத. இப்ப மரத்துல முதுகைத் தேய்க்கும் கேளு. அதுக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும்."

நல்ல வேலை செய்திருக்கிறாய். பொய் சொல்லவில்லை. கண் இல்லாத பிள்ளைக்கு ஒரு காட்டையே கொண்டுவந்து கொடுத்திருக்கிறாய்.

அந்த முதுகு தேய்க்கும் இடத்தில், தூரத்தில் மடத்து மரப்பலகை அடிக்கிறது. மாலைப் பிரார்த்தனைக்கு அடிப்பது. டொக் டொக் டொக் என்று போய், ஒரு தட்டு விழாமல் தடுக்கி, மறுபடி டொக் என்று வருகிறது. இந்த மலையில் அப்படி நொண்டி நொண்டிப் பலகை அடிப்பவர் கெலாசி சாமி ஒருவர்தான். மரம் அறுக்கும் பட்டறையில் இடது கையில் இரண்டு விரல் போனவர். அடியின் கனத்தைப் பார்த்தால் மடத்துக்கு மேலே, ஓடைக்கு அந்தப் பக்கத்து மேட்டிலிருந்து கேட்டதுபோல இருக்கிறது.

இடத்தின் பெயரை நீக்கினாய். கெலாசி சாமியை நீக்க மறந்துவிட்டாய்.

நான் மடத்துப் பக்கம் போய் ரொம்ப நாளாயிற்று. ஒருநாள் போய் வரவேண்டும்.

அண்ணன்

*

க்ளூஜ்
22 ஜூலை

அண்ணா,

இது நிஸ்தோர் மலைக்கு வரும் நாள் அல்ல. அழுது கெஞ்சி அனுப்புகிறேன்.

போகாதே. அது அவள் இல்லை.

ஒலிப்பதிப்பு ஒரே கரடியின் சத்தம் அல்ல. ஒரு கரடியிடமிருந்து எல்லா நல்ல சத்தமும் கிடைக்காது. மூச்சு ஒன்றினுடையது, பழம் பறிப்பது இன்னொன்றினுடையது. எல்லாவற்றையும் கோர்த்து அதற்கும் மூரா என்றே பெயர் வைத்தோம். நாங்கள் வேலை செய்வதே இப்படித்தான். அந்தப் பலகைச் சத்தம் கேட்கும் துண்டு வேறொரு கரடியினுடையது. காது கிழிந்தவள் அந்தப் பள்ளத்தாக்குக்குப் போனதே இல்லை. அப்பாவின் கல்லறைமேல் ஆணையாகச் சொல்கிறேன்.

முன்பு உன்னிடம் மறைத்தேன். அதனால் இப்போது நம்பமாட்டாய் என்று தெரிகிறது. இந்த ஒருமுறை மட்டும் நம்பு.

ரஃபிலா

*

மேல்கிடை
3 ஆகஸ்ட்

ரஃபிலா,

நான் மேட்டுக்குப் போவதற்கு முன்பே உன் கடிதம் வந்துவிட்டது. படித்தேன். கரடியைக் காப்பாற்றத் தங்கச்சி கதை கட்டுகிறாள் என்று நிஸ்தோரிடம் சொல்லிச் சிரித்தேன்.

ஸ்மாராவை நிஸ்தோரின் மனைவியிடம் விட்டுவிட்டு, கொர்பு, லூபா இரண்டு நாய்களையும் கூட்டிக்கொண்டு போனேன். மேட்டில் உங்கள் கேமரா ஒன்று இருந்தது. முதலில் அதைக் கோடரிப் பின்புறத்தால் உடைத்தேன். அப்பாவைப் பார்த்ததுபோல என்னையும் யாரும் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கவேண்டாம். பிறகு காற்றுக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தேன். கெலாசி சாமி பலகை அடிக்க ஆரம்பித்தார். அது வந்தது.

மரத்தில் முதுகை வைத்துக் கண்ணை மூடித் தேய்த்தது. ஸ்மாரா சொன்ன அதே சத்தம். நாய்களை ஏவினேன். லூபா பின்தொடையைக் கவ்வியது. கொர்பு தொண்டைக்குப் பாய்ந்தது, அவன் எப்போதும் அவசரக்காரன். கரடி ஒரு கையால்தான் அடித்தது. கொர்புவின் வயிறு திறந்து குடல் புல்லில் இழுபட்டது. இழுபட்டுக்கொண்டே மறுபடி பாய்ந்தான். நான் போய்க் கோடரியை முதுகில் இறக்கினேன். எலும்பில் மாட்டிக்கொண்டது. காலை வைத்து இழுத்துக் கழுத்தில் இறக்கினேன். அது திரும்பி என் தோளைக் கிழித்தது. வலி தெரியவில்லை. அப்பா அப்பா என்று கத்திக்கொண்டே வெட்டினேன். விழுந்தபிறகும் வெட்டினேன். கையில் பிடி வழுக்கும்வரை வெட்டினேன்.

பலகை நின்றபிறகு கரடியின் தலையைத் திருப்பிப் பார்த்தேன்.

இரண்டு காதும் முழுசாக இருந்தன.

நான் ஆட்டுக்காரன். மடியைப் பார்க்காமல் எந்தப் பெட்டையையும் விடமாட்டேன். தடவிப் பார்த்தேன். பால் வந்தது. குட்டிகளைத் தேடினேன். அகப்படவில்லை. கொர்புவை அங்கேயே புதைத்தேன்.

கொர்பு வேறொரு கிடைக்குப் போய்விட்டது என்று ஸ்மாராவிடம் சொல்லியிருக்கிறேன். தோளில் தையல் போட்டவரிடம் வேலிக்கம்பி கிழித்தது என்றேன்.

நீ நிஜம்தான் சொல்லியிருக்கிறாய்.

கிளிகோர்

*

க்ளூஜ்
30 ஆகஸ்ட்

அண்ணா,

நீ கேமராவை உடைத்தாய். அதே மரத்தில் ஒலிப்பெட்டி உயரமாகக் கட்டியிருந்தது. கிளை மறைத்திருக்கும்.

அது பிடித்த பதிவு என் மேசைக்கு வந்தது. அந்த மேட்டின் ஒலியெல்லாம் என்னிடம்தான் வரும். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டேன். கோடரி எலும்பில் மாட்டுவதும், நீ இழுப்பதும் கேட்டது. கொர்பு வெகுநேரம் முனகியது. நீ அப்பாவைக் கூப்பிட்டாய். எல்லாம் அடங்கியபின், மேலே எங்கேயோ மரத்திலிருந்து இரண்டு சின்னக் குரல்கள் தாயைக் கூப்பிட்டன. நீ நாயைப் புதைத்துக்கொண்டிருந்த நேரம். உன் அழுகையில் உனக்கு அது கேட்டிருக்காது. ஒரு குட்டியை மடத்துப் பழத்தோட்டத்தில் பிடித்தார்கள். இன்னொன்று கிடைக்கவில்லை.

இதுவரை நான் பிள்ளைகளுக்கு வெட்டினேன், மாணவர்களுக்கு வெட்டினேன். இந்தப் பதிவைக் கேட்கப்போகிறவர்கள் விசாரணை அதிகாரிகள். அவர்களுக்கு எதையும் வெட்டக்கூடாது. திங்கட்கிழமை ஒப்படைத்துவிட்டேன். குரல் யாருடையது என்று கேட்டார்கள். சொன்னேன். உன் கடிதத்தை மட்டும் கொடுக்கவில்லை. அது எனக்கு எழுதியது.

அந்தப் பலகைச் சத்தத்தைச் சேர்த்தது யார் என்றும் சொல்லிவிட்டேன். அந்தத் துண்டை விட்டிருக்கலாம். கேட்க அழகாக இருந்தது, ஸ்மாராவுக்குப் பிடிக்கும் என்று வைத்தேன். ஒலிப்பதிப்புகளை இனி வேறொருவர் சரிபார்த்தபின்தான் அனுப்புவார்கள்.

நீ என்னைச் சபிப்பாய். சபி. ஆனால் பதில் எழுது.

ரஃபிலா

*

க்ளூஜ்
6 அக்டோபர்

அன்பு அண்ணா,

பதில் இல்லை. நிஸ்தோரிடம் கேட்டால் அவர் பாலாடைக்கட்டியைப் பற்றிப் பேசுகிறார்.

பள்ளி திறந்து இத்தனை நாளாகியும் ஸ்மாரா வரவில்லை. ஞாயிறன்று போனேன். அவளுடைய கட்டிலில் வேறொரு பிள்ளை உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தது. அவளுடைய இடத்தைக் கொஞ்ச நாள்தான் வைத்திருப்பார்களாம். என்மேல் உள்ள கோபத்தை அவள் படிப்பின்மேல் காட்டாதே. எனக்குப் பிறகு நம் வீட்டில் படிக்கப்போகிறவள் அவள் ஒருத்திதான்.

நிஸ்தோர் ஒன்று மட்டும் சொன்னார். "மூரா இப்ப பிளம்ஸ் திங்குதான்னு அத்தைகிட்டக் கேட்டுட்டு வாங்க" என்று ஸ்மாரா சொல்லி அனுப்பினாளாம். அந்த மேட்டிலிருந்து எங்களிடம் இருக்கும் கடைசிப் பதிவு எதுவென்று உனக்குத் தெரியும்.

பழைய துண்டுகளிலிருந்து ஓர் இலையுதிர்காலம் செய்து இதோடு அனுப்பியிருக்கிறேன். கொட்டை கடிக்கும் சத்தம், காய்ந்த இலை, ஓடை, மூச்சு. அவளுக்கு மட்டும் என்பதால் யாரிடமும் காட்டவில்லை. பலகைச் சத்தத்தை எடுத்துவிட்டேன். அவளுக்கு மூரா உயிரோடு இருக்கட்டும்.

உன் தங்கை,
ரஃபிலா

*

வீடு
19 அக்டோபர்

அன்புத் தங்கைக்கு,

ஆடுகளை இறக்கிவிட்டோம். விசாரணைக்கு இரண்டு முறை கூப்பிட்டார்கள். வக்கீல் ஒருவன், "குரல் உங்களோடதே இல்லன்னு சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றான். போன வாரம்வரை அப்படித்தான் சொல்வதாக இருந்தேன். உனக்கு எழுதக்கூடாது என்றும் இருந்தேன்.

உன் பெட்டி வந்தது. ஸ்மாரா அடுப்புப் பக்கம் உட்கார்ந்து ஓடவிட்டாள். நான் கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து போட்டாள். மறுபடி நிறுத்தினாள்.

"அப்பா, இதுல குயில் கூவுது."

நான் கவனிக்கவே இல்லை. மறுபடி போட்டாள். காய்ந்த இலைக்கு அடியில், தூரத்தில், குயில் கூவிக்கொண்டிருந்தது.

"சன்சியேனேக்கு அப்புறம் குயில் ஏதுப்பா? இது இப்ப எடுத்தது இல்ல. அத்தை பழசை ஒட்டி அனுப்பியிருக்காங்க."

"கரடி தூங்கப் போயிருக்கும்டி. புதுசா எடுத்திருக்க மாட்டாங்க."

"குளிரே வரல. அதுக்குள்ள யாரு தூங்குவா?" பெட்டியைத் தரையில் வைத்தாள். பிறகு, "மூரா செத்துப்போச்சா?" என்றாள்.

நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"கொர்புவும் அன்னிக்குத்தான் செத்துச்சா?"

அவளாகவே எழுந்து வந்து, என் சட்டைக்குள் கையை விட்டுத் தோளில் இருக்கும் தழும்பைத் தடவினாள். ஒவ்வொரு கோடாகத் தடவினாள், அவர்கள் புள்ளி எழுத்தைப் படிப்பார்களே அப்படி.

"இது கம்பி இல்ல" என்றாள்.

சொல்லிவிட்டேன், ரஃபிலா. முழுவதும் சொன்னேன். அது தாத்தாவை அடித்த மூராவே இல்லை, வேறொன்று என்பதையும், அதற்குப் பால் இருந்ததையும் சொன்னேன். அவள் அழவில்லை. அன்று என் பக்கத்தில் படுக்கவும் இல்லை, லூபாவைக் கட்டிக்கொண்டு படுத்தாள். மறுநாள் நான் ஊருக்குள் போய், குரல் என்னுடையதுதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். என்ன தண்டனை என்று பிறகு சொல்வார்களாம்.

மூன்று நாள் கழித்துத்தான் ஸ்மாரா என்னிடம் பேசினாள். "வெட்டாம இருக்கறதை நான் கேக்கணும்" என்றாள். வேண்டாம், உன் வயசுக்கு ஆகாது என்றேன். "எல்லாரும் எனக்கு வெட்டி வெட்டித்தான் தர்றீங்க" என்றாள்.

சனிக்கிழமை நிஸ்தோரின் வண்டியில் அவளை ஏற்றிவிடுகிறேன். துணிமணி எல்லாம் துவைத்து வைத்திருக்கிறேன். பள்ளியில் சேர்த்துவிடு. ஞாயிற்றுக்கிழமை உன் அறைக்குக் கூட்டிப்போய் அந்தப் பதிவைப் போடு. அவள் நிறுத்தச் சொன்னால் நிறுத்து. சொல்லாவிட்டால் முடியும்வரை ஓடட்டும். எனக்குக் கேட்காத அந்தச் சின்னக் குரல்கள் வரும் இடத்தில் அவள் பக்கத்தில் இரு.

பாலாடைக்கட்டி அனுப்பியிருக்கிறேன். இந்த முறை உப்புக் குறைவு.

அண்ணன்,
கிளிகோர்